சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒரு தற்காப்புக் கைத்துப்பாக்கி வகுப்பு: ஹூஸ்டனிலிருந்து ஒரு மதிப்புரை

ஹூஸ்டன் நகருக்கு மேற்கே உள்ள ஒரு திறந்தவெளிச் சுடுதளத்தில் நடத்தப்படும் முதல் நிலைத் தற்காப்புக் கைத்துப்பாக்கி வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு முடியும் ஒரு நாள் வகுப்பு. கட்டணம் 225 டாலர். துப்பாக்கி, 200 தோட்டாக்கள், பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்கவசம், இடுப்பில் அணியும் உறை ஆகிய அனைத்தையும் நாமே கொண்டுசெல்ல வேண்டும். குறைகளையும் எழுதப்போவதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே பாடம் டெக்சஸில் பல இடங்களில் ஏறக்குறைய இதே வடிவில் கற்பிக்கப்படுகிறது என்பதால், எந்தப் பள்ளி என்பதைவிட, சேருவதற்கு முன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்பதே மாற்றுத்திறனாளி வாசகர்களுக்குப் பயன்படும்.

சிறு வயதில் வந்த போலியோவால் என் இரண்டு கால்களும் செயலிழந்தவை. பல்லாண்டுக் காலம் கேலிப்பர் என்னும் கால்தாங்கிச் சட்டமும் ஊன்றுகோல்களுமாக நடந்ததில் மணிக்கட்டுகளும் தோள்களும் தேய்ந்துவிட்டதால், இப்போது வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே சக்கர நாற்காலி என்று காலம் ஓடுகிறது. இடக்கையின் பிடி மிகவும் தளர்ந்திருக்கிறது. போலியோவிலிருந்து பிழைத்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பவும் தலைகாட்டும் தசைச் சோர்வும் உண்டு. அதை மீறி உடலை வருத்தினால் மறுநாள் படுக்கையிலிருந்து எழ முடியாது. ஆகவே, இந்த வகுப்பைப் பற்றி நான் சொல்வது உட்கார்ந்து சுடுபவர், ஒரு கை வலுக்குறைந்தவர், சீக்கிரம் களைத்துப்போகிறவர் ஆகியோரின் பக்கத்திலிருந்து சொல்வது.

சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட விஷயங்கள் இரண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதற்குக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பச்சை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இரண்டாவது, நாள்பட்ட வலிக்காகக் கஞ்சா சார்ந்த மருந்துகளை நாடுபவர்களைப் பற்றியது. மாநிலம் அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் அது விலக்கப்பட்ட பொருளே என்ற எச்சரிக்கை, துப்பாக்கி வாங்கும்போது நிரப்பித் தர வேண்டிய 4473 எண் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளில் வலியோடு வாழ்பவர்கள் மிகுதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மயக்கம் தரும் வலிமாத்திரை உட்கொண்ட நிலையில் சுடுதளத்துக்கு வரக் கூடாது என்று இந்தப் பள்ளியும் பதிவுப் படிவத்தில் எழுதியிருக்கிறது. அது முறையானது.

1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் தனியார் நிறுவனங்கள் நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். பள்ளியின் இணையதளத்திலும் ‘சக்கர நாற்காலிக்கு ஏற்ற வசதி உண்டு’ என்ற வரி இருந்தது. நேரில் போனால், அந்த வசதி வாகனம் நிறுத்துமிடத்தோடு முடிந்துவிடுகிறது. சுடும் இடத்தில் தரை முழுக்கச் சரளைக்கல். முன்சக்கரங்கள் புதைந்து நாற்காலி அசைய மறுத்தது. கழிப்பறைக்கு இரண்டு படி ஏற வேண்டும். பயிற்றுநர் உடனே இரண்டு ஒட்டுப்பலகைகளைக் கொண்டுவந்து போட்டு என் இடத்தைச் சமப்படுத்திக் கொடுத்தார். கழிப்பறைக்கு அவராலும் வழிசெய்ய முடியவில்லை. மதிய உணவு இடைவேளையில் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்துக்குக் காரில் போய்வர வேண்டியதாயிற்று. சேருவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, ‘வசதி உண்டா’ என்று பொதுவாகக் கேட்காமல், தரை சிமெண்டா சரளையா, கழிப்பறைக் கதவின் அகலம் என்ன, நிழல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதே நல்லது.

வகுப்பின் முதல் மணி நேரம் பாதுகாப்பு விதிகளுக்கு. அரிசோனாவில் 1976-இல் கன்சைட் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஜெஃப் கூப்பரின் பெயரோடு வழங்கும் நான்கு விதிகளை அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாப் பயிற்றுநர்களும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா ஏற்றியதே என்று கொள்ள வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்முனை திரும்பக் கூடாது. குறி இலக்கில் பதியும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்பது தெரிந்திருக்க வேண்டும். நின்று சுடுபவருக்கு இரண்டாவது விதி அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைக் காப்பது. உட்கார்ந்து சுடுபவருக்கு அது முதலில் தன் சொந்தத் தொடைகளைக் காப்பதற்கான விதி. இடுப்பிலிருந்து உருவிய துப்பாக்கி இலக்கை எட்டும் வழியில்தான் நம் இரண்டு தொடைகளும் நீண்டு கிடக்கின்றன. போலியோக் கால்களுக்கு உணர்ச்சி குறைவதில்லை. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கோ காலில் என்ன படுகிறது என்பதே தெரியாது. சூடான காலித் தோட்டா மடியில் விழுந்து சுட்டாலும் உணர மாட்டார்கள் என்று பயிற்றுநர் தாமாகவே சொல்லி, மடியில் விரித்துக்கொள்ளத் தடித்த துணி ஒன்றைக் கொடுத்தபோது, இந்த மனிதருக்கு விஷயம் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

இந்த வகுப்பில் நான் பெற்ற மிகப் பெரிய பயன் துப்பாக்கி உறையைப் பற்றியது. பள்ளி அனுப்பிய பட்டியலில் இருந்தது வலது இடுப்பில், இடுப்புப் பட்டைக்கு வெளியே அணியும் சாதாரண உறை. சக்கர நாற்காலியில் அந்த இடத்தில் கைப்பிடியும் பக்கத் தகடும் சக்கரமும் இருக்கின்றன. முழங்கையைப் பின்னுக்கு இழுக்கவே இடமில்லை. வயிற்றின் முன்பக்கம் அணிந்தால் உட்கார்ந்த நிலையில் குழல்முனை தொடையின் பெரிய இரத்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். கைக்குழியில் தொங்கும் உறைகளைப் பல சுடுதளங்கள் அனுமதிப்பதே இல்லை. உருவும்போது குழல் பின்வரிசையில் நிற்பவர்களை வருடிச் செல்லும் என்பது காரணம். எஞ்சுவது, இடது இடுப்பின் முன்புறத்தில் பிடி வலப்பக்கம் நோக்கியிருக்க அணிந்து, வலக்கையால் உடலின் குறுக்கே உருவும் முறை. அதிலும் ஓர் ஆபத்து உண்டு: உருவும்போது குழல் இடப்பக்கத்தில் இருப்பவரை நோக்கும்.

பயிற்றுநர் இதற்குக் கண்ட தீர்வு எளியது. என்னை வரிசையின் இடது கோடியில் நிறுத்தினார். நாற்காலியை நன்றாக வலப்பக்கம் திருப்பி, என் இடத்தோள் இலக்கை நோக்கும்படி அமைத்து, இரண்டு சக்கரங்களிலும் தடை போடச் சொன்னார். அப்படித் திரும்பியதும், உறையிலிருந்து வெளிவரும் துப்பாக்கி நேராக இலக்கின் திசையிலேயே வருகிறது. தொடைகள் வலப்பக்கம் ஒதுங்கிவிடுகின்றன. பக்கத்தில் ஆள் இல்லை. தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, உடையை விலக்குவது, பிடியைப் பற்றுவது, உருவுவது, இடக்கையைச் சேர்ப்பது என்று ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகப் பார்த்துத் திருத்தினார். என் இடக்கை உறைக்கு முன்னால் வந்துவிடுகிறதா என்பதில் மட்டும் கறாராக இருந்தார். அது மார்பில் ஒட்டியிருக்காவிட்டால் உருவலை நிறுத்தச் சொல்லிவிடுவார். மற்ற மாணவர்களுக்கு எந்த அளவுகோலோ எனக்கும் அதுவே. இரக்கப்பட்டு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதே இந்த வகுப்புக்கு நான் தரும் முதல் பாராட்டு.

உதவியாளர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நான் சுட்டு முடிக்கும்போதெல்லாம் ஒருவர் கைதட்டினார். ‘உங்களைப் பார்த்தால் எங்களுக்கே ஊக்கம் வருகிறது’ என்றார். இலக்கில் துளைகள் இடப்பக்கம் தாழ்ந்து விழுந்திருந்தன. விசையை அவசரமாக அழுத்துகிறேன் என்பதற்கான அடையாளம் அது. அதைச் சொல்லியிருந்தால் போதும்.

துப்பாக்கித் தேர்வைப் பற்றி வகுப்பில் அரை மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். கை வலுவில்லாதவர்களுக்கு அது போதாது. துப்பாக்கிக் கடைகளில் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் வழக்கமாக எடுத்து நீட்டப்படுவது எடை குறைந்த சிறிய ரிவால்வர். தோட்டா ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் மேல்பகுதியான ஸ்லைடை இதில் இழுக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் விசையை இழுக்க ஏறத்தாழ 12 பவுண்டு, அதாவது ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட பலம் வேண்டும். எடை குறைவு என்பதால் பின்னுதைப்பும் மணிக்கட்டில் நேராக இறங்கும். ஊன்றுகோல் தின்ற மணிக்கட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2018-இல் .380 தோட்டா அளவிலும் 2020-இல் 9 மில்லிமீட்டர் அளவிலும் கொண்டுவந்த ஷீல்டு ஈஸி வகையில் ஸ்லைடு எளிதாக இழுபடுகிறது. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினில் அவற்றை நிரப்பப் பக்கவாட்டில் ஒரு பிடிமானமும் இருக்கிறது. நான் கொண்டுபோனது இதன் 9 மில்லிமீட்டர் வடிவம். இதில் கவனிக்க வேண்டியது, பிடியின் பின்புறம் உள்ள பாதுகாப்புப் பட்டை: உள்ளங்கை அதை முழுவதுமாக அழுத்தினால்தான் துப்பாக்கி வெடிக்கும். உள்ளங்கைச் சதை வற்றியவர்கள் வாங்குவதற்கு முன் கடையில் பலமுறை பிடித்துப் பார்க்க வேண்டும்.

வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு மாற்றுத்திறனாளியும் இருந்தார்; பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த முதியவர். அவர் கொண்டுவந்திருந்தது பெரெட்டா 3032 டோம்கேட். அதில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் குழலின் பின்முனை மேலே எழும். தோட்டாவை நேராக உள்ளே வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொடவே வேண்டாம். .32 தோட்டா 9 மில்லிமீட்டர் அளவுக்கு வலுவுடையது அல்ல என்றாலும், ஒற்றைக் கையால் தோட்டா ஏற்றவும் இறக்கவும் முடிகிற துப்பாக்கி என்பது அவருக்குப் பெரிய விஷயம். 200 தோட்டாக்களை விரலால் மேகசினில் திணித்தால் கட்டைவிரல் மதியத்துக்குள் மரத்துப்போகும். அப்லூலா என்ற சிறு கருவியை வாங்கிக்கொண்டு போனால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கும் இரண்டு கை வேண்டும் என்பதால், முதியவருக்காக உதவியாளர்களே நிரப்பிக் கொடுத்தார்கள். கைதட்டலுக்குப் பதிலாக அவர்கள் செய்த உருப்படியான வேலை அது.

துப்பாக்கி இடையில் நின்றுபோனால் சரிசெய்வது எப்படி என்ற பகுதி மதியத்துக்குப் பிறகு வந்தது. மேகசினின் அடியில் தட்டி, ஸ்லைடை இழுத்து விடுவது எல்லோருக்குமான பாடம். என் இடக்கைக்கு ஸ்லைடைப் பிடித்து இழுக்கும் வலு இல்லை. துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, இடக்கையால் ஸ்லைடை மேலிருந்து பற்றி அசையாமல் வைத்துக்கொண்டு, வலக்கையால் துப்பாக்கியை முன்னே தள்ளச் சொன்னார் பயிற்றுநர். இழுக்க முடியாத கை, பிடித்து நிறுத்துவதற்குப் போதுமானதாக இருந்தது. கை களைத்த பிறகு அதுவும் முடியவில்லை. அப்போது பின்குறியை (ஸ்லைடின் மேல் பின்முனையில் உள்ள, குறிபார்க்கும் முனை) இடுப்புப் பட்டையின் விளிம்பிலோ உறையின் வாயிலோ கொக்கிபோல் மாட்டி, துப்பாக்கியைக் கீழ்நோக்கித் தள்ளும் ஒற்றைக்கை முறையைக் காட்டினார். பின்குறியின் முன்பக்கம் செங்குத்தாக இருந்தால்தான் இது நடக்கும். சரிவாக வழவழப்பாக இருந்தால் வழுக்கிவிடும். உட்கார்ந்தவருக்கு இதிலும் தொடைதான் சிக்கல் என்பதால், நாற்காலியின் பக்கத் தகட்டின் மேல்விளிம்பில் மாட்டி, குழல்முனை வெளிப்புறத் தரையை நோக்கும்படி பழகினோம். மேகசினை மாற்றும்போது துப்பாக்கியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொள்ளச் சொல்வது ஒற்றைக்கைப் பாடத்தில் வழக்கம். போலியோ முழங்கால்கள் எதையும் இடுக்கா. துப்பாக்கியை உறைக்குள் திரும்ப வைத்து, அங்கேயே மேகசினைச் செருகி, பிறகு உருவ வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் நடக்கிறது.

சுடும் பயிற்சிகள் 3 யார்டிலிருந்து 7 யார்டு வரையிலான தூரத்தில் நடந்தன. கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமத்துக்கான டெக்சஸ் தேர்வு 3, 7, 15 யார்டுகளில் 50 தோட்டாக்கள், 250-க்கு 175 மதிப்பெண் என்ற கணக்கில் அமைந்தது. 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர்களுக்கு அந்த உரிமம் கட்டாயமில்லை. அந்தத் தேர்வில் நேரக் கெடுபிடி இருந்தாலும் உருவுவது இல்லை, எதிராளி இல்லை. நம் ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குத் துப்பாக்கியும் மாற்றுத்திறனாளியும் என்றதும் டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கமும் வெள்ளியும் வென்ற மணீஷ் நர்வாலும் சிங்கராஜ் அதானாவும் நினைவுக்கு வரலாம். அது மூச்சை அடக்கி ஒரு புள்ளியைத் தேடும் கலை. இங்கே கற்பிப்பது, இரண்டு மூன்று நொடிக்குள் முடிந்துபோகும் ஒரு சம்பவத்தில் என்ன செய்வது என்பதை.

அந்த நொடிக் கணக்கில்தான் இந்த வகுப்பின் பெரிய குறை தெரிகிறது. சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர், கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறார் என்று 1983-இல் எழுதினார். அதை விளக்க, ஒருவர் ஓடிவர இன்னொருவர் உருவிச் சுடுவதுபோல ஒரு பயிற்சி வைத்தார்கள். மற்றவர்களுக்குச் சொல்லப்பட்ட பாடம்: உருவும்போதே பக்கவாட்டில் இரண்டு அடி விலகு, பின்வாங்கு, மறைவுக்குப் பின்னால் போ. தடை போட்ட நாற்காலியில் இருப்பவருக்கு இந்த மூன்றும் இல்லை. தடையை எடுத்துச் சக்கரத்தைத் தள்ளினால் இரண்டு கைகளும் சக்கரத்தில் இருக்கும். துப்பாக்கிக்குக் கை இல்லை. என் உருவல் மூன்று நொடிக்கும் மேல் ஆனது. எனில் 21 அடி என்ற தூரம் எனக்கு இரண்டு மடங்காக வேண்டும். எந்த வீட்டு வரவேற்பறையிலும் அவ்வளவு இடம் கிடையாது. ‘உங்களுக்கு முன்கூட்டியே கவனிப்பது இன்னும் முக்கியம்’ என்றார் பயிற்றுநர். சரிதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார். நகர முடியாதவர் வீட்டில் எந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார வேண்டும், பூட்டும் எச்சரிக்கை மணியும் எத்தனை நொடியைச் சம்பாதித்துத் தரும், காரிலிருந்து நாற்காலியை இறக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது நெருங்கினால் என்ன செய்வது என்பதெல்லாம் ஒரு மணி நேரப் பாடத்துக்கு உரிய செய்திகள். காரில் ஏறி இறங்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் எங்களில் பலர் மிகவும் நிராதரவாக இருக்கும் நேரம்.

சட்டப் பகுதியும் அவசரமாகவே ஓடியது. டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 9-ஆம் அத்தியாயம் எப்போது கொல்லும் அளவுக்கான பலத்தைப் பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கிறது. 2007-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இருக்க உரிமையுள்ள இடத்தில், தூண்டிவிடாமலும் குற்றம் ஏதும் செய்யாமலும் இருப்பவர் முதலில் பின்வாங்க வேண்டிய கடமை இல்லை. பின்வாங்கும் கடமையை இன்னும் வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு. அங்கெல்லாம் பத்திரமாகப் பின்வாங்க முடிந்ததா என்ற கேள்வி, நடக்க முடியாதவர் விஷயத்தில் வேறு பொருள் பெறும். தாக்குபவருக்கும் தாக்கப்படுபவருக்கும் இடையிலான உடல்வலு வேறுபாடு நியாயமான அச்சமா என்பதை எடைபோடும்போது கணக்கில் வரும் என்றார் பயிற்றுநர். அது ஓர் அனுமதிச் சீட்டு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பகுதிக்கு ஒரு வழக்கறிஞரை அழைத்திருக்கலாம்.

வகுப்பு தொடவே தொடாத இரண்டு செய்திகள் உண்டு. பராமரிப்பாளர்கள் தினமும் வந்துபோகும் வீட்டில் துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பது என்பது ஒன்று. தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அசட்டையாக வைத்து, அது 17 வயதுக்கு உட்பட்ட சிறுவர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சஸில் குற்றம். விரல்ரேகைப் பூட்டு வேகமானது என்று பொதுவாகச் சிபாரிசு செய்வார்கள். சக்கர விளிம்பைத் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன என் விரல்களை அந்தப் பூட்டு அடையாளம் கண்டுகொள்வதே இல்லை, பொத்தான்களை அழுத்தித் திறக்கும் பெட்டிதான் ஒத்துவருகிறது. மற்றது, சொல்லத் தயங்கும் செய்தி. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். நாள்பட்ட வலியும் தனிமையும் உள்ள வீட்டில் துப்பாக்கி வேண்டுமா என்ற கேள்வியை ஒரு தற்காப்பு வகுப்பு எழுப்பாமல் விடுவது சரியல்ல. சாவியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவைக்க வேண்டிய காலங்கள் ஒருவருக்கு வரலாம் என்று ஒரு நிமிடமாவது பேசியிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். துப்பாக்கியைக் கையாளும் பாடத்துக்கு மட்டும் என்றால் நாலரை. இடத்தின் வசதிக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. இரண்டாம் நிலை வகுப்பு முழுக்க நகர்ந்துகொண்டே சுடுவது, மண்டியிடுவது, தடுப்புகளுக்கு இடையே ஓடுவது என்று அமைந்திருப்பதால் அதில் சேர எண்ணமில்லை. அதே பயிற்றுநர் மணிக்கு 90 டாலருக்குத் தனியாகவும் கற்பிக்கிறார். காரில் ஏறி இறங்கும் சூழலை வைத்து அரை நாள் பயிற்சி தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மாற்றுத்திறனாளிகளில் பலருக்கு, முதல் வகுப்பையே இப்படித் தனியாக எடுத்துக்கொண்டு, களைக்கும்போது நிறுத்தி, தொடக்கத்தில் சிறிய .22 தோட்டா சுடும் துப்பாக்கியில் பழகுவது கூட்டத்தோடு ஒரு நாள் முழுவதும் வெயிலில் இருப்பதைவிடப் பொருத்தமாக இருக்கும். கூட்ட வகுப்புக்குத்தான் போவதென்றால் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் போகலாம். ஹூஸ்டன் கோடையில் அந்தச் சரளைத் தளத்தில் சக்கர விளிம்பைத் தொட முடியாது. தண்டுவடம் அடிபட்டு வியர்வை சுரப்பது குறைந்தவர்களுக்கு அந்த வெப்பம் உயிருக்கே ஆபத்து.